ஒரே ஆல்பத்தில் இரண்டு தாத்தாக்கள்: உக்ரைனியர் பார்வையில் சோவியத் காலம்

1991ஆம் ஆண்டில் உக்ரைன் மக்கள் இரண்டு முறை பொது வாக்கெடுப்புக்குப் போனார்கள். சீர்திருத்தப்பட்ட சோவியத் ஒன்றியம் நீடிக்க வேண்டுமா என்று மார்ச் 17 அன்று கேட்டபோது, வாக்களித்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். தனிநாடு வேண்டுமா என்று டிசம்பர் 1 அன்று கேட்டபோது 90 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ரஷ்ய மொழி பேசுவோர் நிறைந்த டொனெட்ஸ்க், லுகான்ஸ்க் மாகாணங்களில்கூட ஆதரவு 80 சதவீதத்தைத் தாண்டியது. கிரைமியாவில் மட்டும் 54 சதவீதத்தில் நின்றது. அதே நாளில் முதல் குடியரசுத் தலைவராகத் தேர்வானவர் லியோனித் கிராவ்சுக். சில ஆண்டுகளுக்கு முன்புவரை உக்ரைன் கம்யூனிஸ்ட் கட்சியின் கருத்தியல் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர்.

ஒன்பது மாதத்துக்குள் ஒரு தேசம் தலைகீழாக மாறிவிட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. மார்ச் வாக்கெடுப்பிலேயே, உக்ரைன் தன் இறையாண்மைப் பிரகடனத்தின் அடிப்படையில்தான் ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்ற இன்னொரு கேள்வியும் இருந்தது. அதற்கு 80 சதவீதம் ஆதரவு. அதாவது மக்கள் இரண்டையும் ஒன்றாகக் கேட்டார்கள். ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்று ஆனது.

அந்த இரட்டை மனநிலை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நீடித்தது. இன்று அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2010இல் ‘ரேட்டிங்’ ஆய்வுக் குழு நடத்திய கருத்துக்கணிப்பில் சோவியத் ஒன்றியம் சிதைந்ததற்கு வருந்துவதாகச் சொன்னவர்கள் 46 சதவீதம். 2022 ஏப்ரலில் அதே கேள்விக்கு வருந்துவதாகச் சொன்னவர்கள் 11 சதவீதம், வருத்தமில்லை என்றவர்கள் 87 சதவீதம். இந்த மாற்றத்தை ‘உண்மை தெரிந்து விழித்துக்கொண்ட மக்கள்’ என்று கீவ் சொல்கிறது. ‘மூளைச்சலவை’ என்கிறது மாஸ்கோ. இரண்டு விளக்கங்களும் எனக்குப் போதுமானவையாகத் தெரியவில்லை. முக்கியமான உண்மைகள் 1991க்குள்ளாகவே வெளிவந்துவிட்டன. அதற்குப் பிறகும் பாதிப் பேர் வருந்திக்கொண்டுதான் இருந்தார்கள். பழைய காலத்தைக் காட்டி மாஸ்கோ இன்றைய நிலத்துக்கு உரிமை கொண்டாடத் தொடங்கியபோதுதான் எண்கள் பெரிதாக நகர்ந்தன: முதலில் 2014, பிறகு 2022.

வருந்தியவர்கள் எதற்காக வருந்தினார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சுதந்திரம் வந்ததும் வாழ்க்கை சரிந்தது. 1993இல் ஒரே ஆண்டில் விலைவாசி நூறு மடங்குக்கும் மேல் ஏறியது. வாழ்நாள் முழுக்கச் சேமிப்பு வங்கியில் போட்டு வைத்த ரூபிள்கள் செல்லாக்காசாயின. தொழிற்சாலைகள் சம்பளத்துக்குப் பதிலாகத் தாங்கள் தயாரித்த சரக்கையே கொடுத்தன. அதைத் தெருவோரத்தில் விற்றுத்தான் உலை வைக்க வேண்டும். அந்தப் பத்தாண்டின் முடிவில் நாட்டின் மொத்த உற்பத்தி 1990இல் இருந்ததில் பாதிகூட இல்லை. 1991இல் தடை செய்யப்பட்டு 1993இல் திரும்பி வந்த கம்யூனிஸ்ட் கட்சி, 1998 தேர்தலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்கு பெற்று முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் இறுதிச் சுற்றில் அதன் தலைவர் பெத்ரோ சிமோனென்கோ 38 சதவீதம் வாங்கினார். 2009இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, கம்யூனிச ஆட்சிக் காலத்தைவிட இப்போது பொருளாதார நிலை மோசம் என்றவர்கள் 62 சதவீதம். பல கட்சி ஆட்சி முறையை 1991இல் 72 சதவீதம் பேர் வரவேற்றிருந்தார்கள். 2009இல் அது 30ஆகக் குறைந்திருந்தது.

இவர்களெல்லாம் ஸ்டாலினை நினைத்து ஏங்கினார்கள் என்று எடுத்துக்கொண்டால் தவறு. ‘சோவியத் காலம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் உக்ரைனிய மொழியும் கலையும் தழைத்த 1920கள் வேறு, பஞ்சமும் பயங்கரமும் நிறைந்த 1930கள் வேறு, பிரெஷ்னேவின் மந்தமான நிம்மதிக் காலம் வேறு. ஏங்கியவர்கள் நினைத்துக்கொண்டது கடைசியாகச் சொன்னதைத்தான்: அரசு தந்த அடுக்குமாடி வீடு, ஆண்டுக்கொருமுறை தொழிற்சங்கம் கொடுத்த கடற்கரை விடுதிச் சீட்டு, நாளைக்கும் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்த வேலை. கூடவே தங்கள் இளமையும். எதிர்த்தவர்கள் பேசியது 1933 பற்றி. இரு தரப்பும் ஒரே காலத்தைப் பற்றி வாதிடுவதாக நினைத்துக்கொண்டு வெவ்வேறு பத்தாண்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதை மேற்குக்கும் கிழக்குக்குமான தகராறாகச் சொல்லிவிடுவது பத்திரிகைகளுக்கு எளிது. அதில் உண்மை இருக்கிறது. லிவிவ் நகரம் சோவியத்துக்குள் வந்ததே 1939இல்தான். அங்கே லெனின் சிலை 1990 செப்டம்பரிலேயே, ஒன்றியம் உயிரோடு இருந்தபோதே, இறக்கப்பட்டுவிட்டது. டொன்பாஸ் நிலக்கரிச் சுரங்க நகரங்களோ சோவியத் தொழில்மயத்தின் செல்லப்பிள்ளைகள். சுரங்கத் தொழிலாளி ஸ்தகானவ் உற்பத்திச் சாதனை படைத்தது அங்கேதான். ஆனால் நாட்டின் நடுப்பகுதியில், பிளவு குடும்பத்துக்குள்ளேயே ஓடியது. ஒரு தாத்தா செஞ்சேனையில் பெர்லின் வரை போய்ப் பதக்கத்தோடு திரும்பியவர். இன்னொரு தாத்தா ‘குலாக்’ (பணக்கார விவசாயி) என்று முத்திரை குத்தப்பட்டுச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர். இருவரும் ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் இருப்பார்கள். பதக்கக்காரரைப் பற்றி மே 9 வெற்றி விழாவன்று பள்ளிக்கூடத்தில் பேசலாம். மற்றவரைப் பற்றிச் சமையலறையில்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்கள். பெரும்பாலும் பேசவே மாட்டார்கள்.

அப்படிப் பேசாமல் வைத்திருந்தவற்றில் பெரியது, ‘ஹொலொடொமோர்’ என்று இன்று உலகம் அறிந்திருக்கும் 1932–33 பஞ்சம். விளைச்சல் குறைந்ததால் மட்டும் வந்ததல்ல அது. தானியக் கொள்முதல் இலக்கை எட்டாத ஊர்களின் பெயர் ‘கரும்பலகை’யில் ஏற்றப்பட்டு, அந்த ஊர்களுக்குச் சரக்கு போவது நிறுத்தப்பட்டது. அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடந்த கதிரைப் பொறுக்கினாலும் கூட்டுப் பண்ணைச் சொத்தைத் திருடியதாகப் பத்தாண்டுச் சிறை, அல்லது மரண தண்டனை. 1932 ஆகஸ்ட் 7 சட்டம் அது. பசித்தவர்கள் ஊரைவிட்டு வெளியேறவும் 1933 ஜனவரியில் தடை வந்தது. இறந்தவர்கள் சுமார் 39 லட்சம் என்பது மக்கள்தொகை ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் கணக்கு. 1937 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்கள் குறைந்திருப்பது தெரிந்ததும் கணக்கெடுப்பையே ரத்து செய்து, எடுத்தவர்களைக் கைது செய்தார்கள்.

அரை நூற்றாண்டுக்குச் சோவியத் அரசு இப்படி ஒரு பஞ்சமே இல்லை என்றது. 1987 டிசம்பரில்தான் உக்ரைன் கட்சித் தலைவர் ஷெர்பீத்ஸ்கி தன் உரையில் போகிறபோக்கில் அதை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு, கிராமத்தார் அதிகம் வாசித்த செய்தித்தாள் ஒன்றில் லிதியா கொவலென்கோ ஒரு வேண்டுகோள் வெளியிட்டார்: 1933இல் உங்கள் ஊரில் என்ன நடந்தது, எழுதி அனுப்புங்கள். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. யார் வீட்டில் எத்தனை பேர், எந்த வாரத்தில், எந்த வண்டியில் ஏற்றிப் போனார்கள் என்று கிழவர்களும் கிழவிகளும் தேதி வாரியாக எழுதினார்கள். அவரும் கணவர் வொலொதிமிர் மனியாக்கும் தொகுத்த அந்த நூல் 1991இல் வெளியானது. மறதி என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்தது மறதியாக இருக்கவில்லை என்பதற்கு அந்தக் கடிதங்களே சாட்சி. ஆனாலும் அந்தக் கிழவிகளில் எத்தனையோ பேர் 1998இல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களித்திருக்கக்கூடும். ஓய்வூதியம் நேரத்துக்கு வர வேண்டும் என்பதும் அண்ணன் பசியால் செத்தான் என்பதும் ஒரே மனத்தில் இருக்க முடியும்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சொந்தத் தொடர்பு உண்டு. முன்னேற்றப் பதிப்பகமும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸும் கொண்டுவந்த நூல்கள் வழியாகச் சோவியத் நாட்டை அறிந்த தலைமுறைக்கு ‘வீரம் விளைந்தது’ ஏறக்குறைய ஒரு தீட்சை நூல். அதன் ஆசிரியர் நிக்கொலாய் ஒஸ்த்ரோவ்ஸ்கி பிறந்தது உக்ரைனின் வொலீனியாப் பகுதியில். நாவலின் நாயகன் பாவெல் கர்ச்சாகின் வளர்வது ஷெபெதிவ்காவில், கடும் குளிரில் ரயில் பாதை போடுவது கீவ் அருகே பொயார்காவில். நாம் அதை ரஷ்ய நாவல் என்றே வாசித்தோம். அந்த நாவல் மாஸ்கோ இதழொன்றில் தொடராக வரத் தொடங்கிய ஆண்டு 1932. கதை நடந்த அதே மண்ணில் கரும்பலகைகள் ஏறிக்கொண்டிருந்த ஆண்டும் அதுதான். நாவலின் ஈர்ப்பு இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் உக்ரைனில் இன்று அதை எடுத்து வாசிக்கும் ஒருவர் நம்மைப் போல வாசிக்க முடியாது.

பஞ்சத்தை இனப்படுகொலை என்று அறிவிக்கும் சட்டத்தை விக்தர் யூஷ்செங்கோ ஆட்சியில், 2006இல், நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அடுத்து வந்த யானுகோவிச் 2010இல் ஐரோப்பிய மன்றத்தின் அவையில், அது சோவியத் மக்கள் எல்லோருக்கும் பொதுவான துயரம், இனப்படுகொலை என்று சொல்ல முடியாது என்றார். ஆட்சி மாறினால் வரலாறும் மாறும் என்ற நிலை. ஆனால் மக்கள் கருத்து தலைவர்களுக்கு ஏற்ப ஆடவில்லை. அது ஒரே திசையில் ஊர்ந்துகொண்டிருந்தது. இனப்படுகொலை என்று ஏற்றவர்கள் 2010இல் 61 சதவீதம். 2022இல் 93 சதவீதம். சோவியத் காலம் தொடர்பான எல்லாக் கேள்விகளிலும் கிழக்கும் மேற்கும் முதலில் ஒன்றுபட்டது பஞ்சத்தின் மீதுதான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். காரணம் எளிது: பஞ்சம் அதிகம் கொன்றது நடு, கிழக்கு உக்ரைனைத்தான். அன்று போலந்திடம் இருந்த லிவிவை அது தொடவில்லை.

பிறகு சிலைகள் விழத் தொடங்கின. கீவ் நகரின் பெசராப்கா சந்தைக்கு எதிரே நின்ற லெனின், சிற்பி மெர்கூரவ் சிவப்புக் கல்லில் செதுக்கியது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 1946இல் கீவுக்கு வந்தது. 2009இல் சிலர் அதன் மூக்கை உடைத்தபோது கம்யூனிஸ்ட் கட்சி பணம் போட்டுச் சரிசெய்து, பக்கத்தில் கூடாரம் அடித்துக் காவலும் வைத்தது. 2013 டிசம்பர் 8 அன்று, யானுகோவிச்சுக்கு எதிரான மைதான் கிளர்ச்சியின் நடுவே, கூட்டம் அதைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. சம்மட்டியால் உடைத்த கல் துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்துப் போனார்கள். வெற்றுப் பீடம் மட்டும் பல ஆண்டுகள் நின்றது. 2016இல் ஒரு மெக்சிகோக் கலைஞர் அதற்குப் படிக்கட்டு சாத்தி, யார் வேண்டுமானாலும் ஏறி லெனின் நின்ற இடத்தில் நிற்கலாம் என்று செய்தார். ஏறியவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

சுதந்திரத்தின்போது உக்ரைனில் சுமார் 5,500 லெனின் நினைவுச் சின்னங்கள் இருந்தன. கிரைமியா ரஷ்யாவிடம் பறிபோய், டொன்பாஸில் போர் மூண்ட 2014இல் அவை நூற்றுக்கணக்கில் சாய்ந்தன. கார்கிவ் சதுக்கத்தின் பிரம்மாண்ட லெனின் அந்தச் செப்டம்பரில் விழுந்தது. எல்லா ஊரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. ஸபோரிஷியாக்காரர்கள் தங்கள் லெனினைக் காப்பாற்ற அவருக்கு உக்ரைனியப் பூவேலைச் சட்டை போட்டுவிட்டார்கள். ஒன்றரை ஆண்டு தாக்குப்பிடித்தார். ஒடேசாவில் ஒரு சிற்பி லெனினை ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடராக மாற்றினார்.

2015இல் வந்த கம்யூனிச நீக்கச் சட்டங்கள் இந்தக் கோபத்தை நிர்வாக வேலையாக மாற்றின. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள், ஏறத்தாழ ஆயிரம் ஊர்கள் பெயர் மாறின. திநிப்ரோபெத்ரோவ்ஸ்க் திநிப்ரோ ஆனது. அர்தெமிவ்ஸ்க் தன் பழைய பெயரான பாக்முத்துக்குத் திரும்பியது. மக்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள் என்றெல்லாம் சொல்ல முடியாது. கொம்சொமோல்ஸ்க் நகர மன்றம் தன் பெயரை விடாமலிருக்க ஒரு தந்திரம் செய்தது: இது கம்யூனிச இளைஞர் கழகத்தைக் குறிக்கவில்லை, ‘சமூக ஊக்கம் கொண்ட இளைஞர்களின், உண்மையான கொசாக்குகளின் கூட்டமைப்பு’ என்பதன் சுருக்கம் என்று தீர்மானம் போட்டது. கீவ் மசியவில்லை. ஊரின் பெயர் ஹொரிஷ்னி பிளாவ்னி ஆகிவிட்டது.

அந்தச் சட்டங்களில் உருப்படியானது என்று நான் கருதுவது சிலைகளைத் தொடாத ஒன்று: சோவியத் ரகசியப் போலீஸ் ஆவணங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பேரன் போய்த் தாத்தாவின் கோப்பை வாங்கிப் படிக்கலாம். யார் காட்டிக்கொடுத்தது என்பதுவரை. அதே தொகுப்பில் இருந்த இன்னொரு சட்டம் எனக்கு ஒப்பவில்லை. உக்ரைன் தேசியவாதிகள் அமைப்பையும் அதன் கிளர்ச்சிப் படையையும் விடுதலைப் போராளிகள் என்று அறிவித்து, அவர்களை இழிவுபடுத்துவது சட்டவிரோதம் என்றது அது. அவர்கள் சோவியத்தை எதிர்த்து 1950கள் வரை காட்டில் போராடியது உண்மை. 1943இல் வொலீனியாவில் போலந்துக் கிராமத்தாரைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றதும், அந்த அமைப்பினர் பலர் யூதப் படுகொலைகளில் பங்கு கொண்டதும் அதே அளவு உண்மை. சோவியத் அரசு பாபின் யாரில் 1941 செப்டம்பரின் இரண்டே நாளில் கொல்லப்பட்ட 33,771 யூதர்களை, 1976இல் வைத்த நினைவுச் சின்னத்தில் ‘சோவியத் குடிமக்கள்’ என்ற சொல்லுக்குள் மறைத்தது. ஒரு மறைப்பை நீக்கிவிட்டு இன்னொன்றைச் சட்டமாக்குவது நல்ல வரலாறாகாது. அந்த அமைப்பின் தலைவர் பந்தேராவைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர்கள் 2012இல் 22 சதவீதம், 2022இல் 74 சதவீதம். இவர்களில் பெரும்பாலோர் 1943 பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். மாஸ்கோ யாரைப் பேயாகக் காட்டுகிறதோ அவர் நம்மவர் என்கிறார்கள், அவ்வளவுதான்.

2022 பிப்ரவரி 21 அன்று, படையெடுப்புக்கு மூன்று நாள் முன்னர், புதின் ஆற்றிய உரையை இந்தக் கட்டத்தில் நினைவுகூர வேண்டும். இன்றைய உக்ரைன் லெனின் உருவாக்கியது, அதற்கு லெனின் பெயரையே வைக்கலாம். நன்றி கெட்ட வாரிசுகள் அவர் சிலையை உடைக்கிறார்கள். கம்யூனிச நீக்கம்தான் வேண்டுமென்றால் முழுமையாக எப்படிச் செய்வது என்று நாங்கள் காட்டுகிறோம் என்பது அதன் சாரம். லெனினைத் திட்டிக்கொண்டே வந்த படை, பிடித்த ஊர்களில் லெனினைத் திரும்ப நிறுத்தியது. ஹெனிசெஸ்கில் 2022 ஏப்ரலில் லெனின் மீண்டும் ஏறினார். மெலிதொபோலில் 2025 மே மாதம் ஸ்டாலினுக்கே சிலை வைத்தார்கள். பாக்முத்தைத் தரைமட்டமாக்கிப் பிடித்தபோது, பிடித்த ஊரின் பெயர் அர்தெமோவ்ஸ்க் என்று அறிவித்தார்கள்.

பழைய தலைமுறையின் கடைசிப் பிடிமானத்தை உடைத்தது இந்தப் படையெடுப்புதான். ‘எதுவானாலும் சரி, போர் மட்டும் வராதிருக்கட்டும்’ என்பது சோவியத் காலத்தில் வளர்ந்தவர்கள் அன்றாடம் சொன்ன வாக்கியம். பதக்கத் தாத்தாவின் கதை அவர்களுக்குப் பெருமை, அந்த அரசு தந்த அமைதி அவர்களுக்கு நியாயம். ஏவுகணைகள் ரஷ்யாவிலிருந்து வந்தபோது அந்த நியாயம் போய்விட்டது. மே 9 வெற்றி விழா 2023இல் சட்டப்படி மே 8 நினைவு நாளானது. கீவின் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த ‘தாய்நாடு’ சிலையின் கேடயத்தில் இருந்த அரிவாள் சுத்தியலை அகற்றலாமா என்று அரசின் ‘தீயா’ செயலியில் கேட்டபோது, வாக்களித்த ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் 85 சதவீதம் சம்மதித்தார்கள். 2023 ஆகஸ்டில் அங்கே திரிசூலச் சின்னம் ஏறியது. தனியார் பணம்தான் என்றாலும், போர் நேரத்தில் இந்தச் செலவு தேவையா, அதற்கு ட்ரோன் வாங்கலாமே என்று பலர் முணுமுணுத்தார்கள். சிலையை இடித்துவிடச் சொன்னவர்கள் குறைவு; செஞ்சேனையில் இருந்த அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய மக்களும்.

எண்களை நம்புவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். 2014க்குப் பிந்தைய கணிப்புகளில் கிரைமியாவும் டொன்பாஸின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளும் இல்லை. சோவியத் ஏக்கம் அதிகம் இருந்த பல லட்சம் பேர் கணக்கிலிருந்தே போய்விட்டார்கள். மாற்றத்தில் ஒரு பங்கு மனம் மாறியதால் வந்ததல்ல, ஆள் மாறியதால் வந்தது. இன்னொன்று, குண்டு விழும் ஊரில் தொலைபேசியில் கேட்கப்படும் கேள்விக்கு ‘ஆம், வருந்துகிறேன்’ என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மாற்றம் பெரியதுதான். ஆனால் ஒருமனம் என்று தெரிவதில் பாதி போர் தந்த ஒழுங்கு.

ஒழுங்கு குறைந்து விவாதம் தொடங்கும் இடம், சோவியத் விட்டுப்போன பொருள்கள். கார்கிவின் ‘தெர்ஷ்ப்ரோம்’, 1928இல் கட்டி முடித்த கான்கிரீட் பிரம்மாண்டம், அசல் சோவியத் கட்டடம். 2024 அக்டோபரில் ரஷ்யக் குண்டு அதன் மேல் விழுந்தபோது ஊரே தன் சொத்து போனது போலப் பதறியது. மரியுபோலில் 1967இல் அல்லா ஹோர்ஸ்கா குழுவாகச் செய்த மொசைக்குகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அரசு கொடுத்த வேலை, அரசு கொடுத்த சம்பளம். அதே ஹோர்ஸ்காதான் 1962இல் கீவ் அருகே பிகிவ்னியாக் காட்டில் ரகசியப் போலீஸ் புதைத்த குழிகளை நண்பர்களோடு தேடிப் போனவர். 1970இல் மர்மமாகக் கொல்லப்பட்டவர். அந்த மொசைக்குகள் 2022இல் ரஷ்ய முற்றுகையில் சிதைந்தன. சோவியத் கலையும் சோவியத் எதிர்ப்பும் ஒரே கையிலிருந்து வந்ததைச் சட்டப் பிரிவுகளால் பிரிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வாதம் ககோவ்காவைப் பற்றியது. 1950களில் கட்டிய அந்த அணை, கொசாக்குகளின் காலத்துக் கதைகளில் வரும் ‘பெரும் புல்வெளி’ என்ற சதுப்பு நிலத்தை இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் மூழ்கடித்தது. ரஷ்யப் படையின் கட்டுப்பாட்டில் இருந்தபோது, 2023 ஜூன் 6 அன்று, அணை தகர்ந்தது. வற்றிய நீர்த்தேக்கத்தின் அடியில் அடுத்த கோடைக்குள் வில்லோ மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து வளர்ந்தன. சோவியத் செய்த அழிவை இயற்கை திருப்பித் தருகிறது, அப்படியே விட்டுவிடுங்கள் என்கிறார்கள் சூழலியலாளர்கள். ஆனால் நீர்த்தேக்கம் வற்றியதும் நிகொபொல் நகரம் குடிநீருக்குத் திண்டாடியது. கெர்சோன் விவசாயிகளின் தர்பூசணி வயல்கள் அந்த நீர்த்தேக்கத்தின் கால்வாய் நீரை நம்பி உண்டானவை. அணையைத் திரும்பக் கட்டுவதற்கான திட்டத்துக்கு 2023 ஜூலையிலேயே அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆற்றின் எதிர்க்கரையில் இன்னும் ரஷ்யப் படை இருப்பதால், இந்த வாதத்தில் எந்தப் பக்கம் வென்றாலும் இப்போதைக்கு ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.